மடிப்பு மாறிய கிமோனோ

மெர்சி வரைந்த ஐகான்களில் அவளுக்கே பிடித்தது, கணினி ஃபோல்டருக்காக வரைந்த கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண்தான். முதலாளி பாலகுரு வடையை மென்றுகொண்டே வந்து, எண்ணெய்க் கையால் மவுஸைப் பிடுங்கி, அந்தப் பெண்ணை இடம்வலமாகத் திருப்பிவிட்டார்.

"இப்ப இந்தப் பக்கம் பாக்குறா. நல்லாருக்குல்ல?"

"சார், துணியோட மடிப்பும் மாறிருச்சு. வலது மடிப்பு மேல வந்தா, அது ஜப்பான்ல பிணத்துக்கு உடுத்துற முறை."

"அதெல்லாம் எவன் பாக்கப்போறான்?" என்றபடி திரையில் அந்தப் பொம்மையின் கன்னத்தைத் தடவினார். எண்ணெய் படிந்தது.

மறுநாள் அவருடைய கணினியிலும் ஒரு ஃபோல்டரின் ஐகானாக அந்தப் பிணம் நின்றது. அடியில் அவர் மகளின் பெயர்.

"பாப்பா போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் போட்டு வச்சிருக்கேன். திறந்து பாரும்மா."