விடுபட்ட ஒரு நிமிஷம்

"ஏம்மா, பதினாலாம் நம்பர் பொண்ணு பேசினது ஏழு நிமிஷம். நீ அடிச்சிருக்கறது ஆறு நிமிஷம்தான் வருது. மீதி எங்க?"

குரலை உயர்த்தக்கூட ஆய்வு அதிகாரிக்குத் தெம்பில்லை. குழந்தைகளின் வீட்டு வாழ்க்கை பற்றிய அறிக்கையை நான்காவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தார். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். 'எல்லாம் புள்ளிவிவரமா இருக்கு, குழந்தைங்க குரலே கேக்கலையே' என்று மேலிடம் காலையிலிருந்து போனில் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தது.

தட்டச்சு செய்பவள் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். பதினோரு வருஷமாகப் பதிவுகளைக் கேட்டு அடிப்பவள். குழந்தை இருமினால் 'இருமல்' என்றுகூட அடித்து வைப்பாள். அப்பேர்ப்பட்டவள்.

"வேணும்னுதான் விட்டேன் சார்."

"என்னது?"

"எழுதாதீங்கன்னு அந்தக் குழந்தையே சொல்லுது சார். கேள்வி கேட்ட பொண்ணும் சரின்னு சொல்லியிருக்கு. சொன்ன வார்த்தையைக் காப்பாத்த வேண்டாமா?"

"அட போம்மா! பேர் போடல, ஸ்கூல் பேர் போடல. வயசைக்கூட ஒண்ணு கூட்டிப் போட்டிருக்கோம். சம்மதம்னு அப்பா கையெழுத்து இருக்கு. யார்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"அம்மாவுக்குத் தெரியும் சார்."

"எந்த அம்மா நம்ம ரிப்போர்ட்டைப் படிக்கப் போறாங்க? நானே தூங்கி வழிஞ்சுகிட்டுத்தான் படிக்கறேன்!"

அவள் சிரிக்கவில்லை. "நூத்தி இருபது குழந்தைங்க பேசியிருக்கு சார். வேற யாரோடதையாவது போட்டுக்கங்க. இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தைகள்மேல் அக்கறை இவளுக்கு மட்டும்தானா? இருபது வருஷமாக அவருக்கும் இதுதானே பிழைப்பு. பதிவை ஏன் வெட்டினீர்கள் என்று நாளைக்கு எவனாவது கேட்டால், உருளப்போவது அவர் தலை.

"அதை முடிவு பண்ண நீ யாரும்மா?"

அவள் மேஜைமேல் இருந்த பதினாலாம் நம்பர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அலுத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டி, ஆறாவது நிமிஷத்திலிருந்து பதிவை ஓடவிட்டார். மூக்கடைத்த சின்னக் குரல் ஒன்று பேசியது.

"நான் எது சொல்ல வந்தாலும் அம்மா, 'காது ஓய்ஞ்சு போச்சுடி, அப்புறம் சொல்லு'ம்பாங்க. அப்புறம் தூங்கிடுவாங்க. இதை மட்டும் எழுதாதீங்கக்கா, எங்கம்மா பாவம். ஆபீஸ்ல நாள் பூரா, உங்கள மாதிரி அக்காங்க கொண்டுவர்ற டேப்பைப் போட்டு, குழந்தைங்க பேசறதையெல்லாம் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கறாங்க."