அடேயப்பா பெட்டி

"அடேயப்பா! இது என்னது!"

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்தார் ஆலோசகர். திருப்தியாக இல்லை. புருவத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி மறுபடி பிளந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பல்வலியா?"

"ஒத்திகை பாக்கறேன். இன்னிக்கு என் தலையெழுத்தே மாறப் போகுது. நீ வேற!"

குழந்தைகள் மனநல மையத்தில் தலைமை ஆலோசகர் நாற்காலி காலியாகி இருந்தது. அதன்மேல் நம்மவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

குழந்தையின் மனசைத் திறக்க ஆச்சரியம்தான் சாவி என்பது அவர் கொள்கை. 'பெரியவன் வியந்தால் குழந்தை பேசும்!' என்று மேடைக்கு மேடை முழங்குவார். அதற்கென்றே ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு நத்தை ஓடு. வருகிற ஒவ்வொரு குழந்தையிடமும், அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் வியப்பார்.

வியந்து வியந்து பழகிப்போய், இப்போதெல்லாம் பெட்டி திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். கண் சாவகாசமாகப் பின்னால் வரும்.

அன்றைக்கு அவருக்கு வாய்த்தது ஏழு வயது வாயாடி. வீட்டில் வைத்த செல்லப்பேர் அது. அம்மாவிடம் மூச்சு விடாமல் பேசுவாள். வாசற்படி தாண்டினால் வாய்க்குப் பூட்டு. பள்ளிக்கூடத்தில், கடையில், இந்த மையத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாரா வாரம் நத்தை ஓட்டைக் காட்டியும் பலனில்லை.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கு சார். அடுத்தவங்க மனசே புரியாத குழந்தை" என்று இயக்குநரிடம் சொல்லியிருந்தார்.

"அப்ப அந்தக் குழந்தையவே பேச வைங்க, பாக்கலாம். பேசிட்டா நாற்காலி உங்களுக்கு" என்று சொல்லிவிட்டார் இயக்குநர்.

அறைக்குள் குட்டி நாற்காலிகள். சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணாடி, பின்னால் இருப்பவர்களுக்கு ஜன்னல். அந்தப் பக்கத்தில் இயக்குநரும் தேர்வுக்குழுவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அங்கே நுழைந்ததை, நடையில் காத்திருந்த வாயாடி பார்த்திருந்தாள்.

வாயாடியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெட்டியை மேஜைமேல் வைத்தார் ஆலோசகர்.

"பாப்பா, இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது! நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போமா?"

வாயாடி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூடியைத் திறந்தார்.

"அடேயப்பா! என்ன அழகு! என்ன வளைவு! என்ன பளபளப்பு!"

அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தார். பெட்டி காலி.

பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று காலையில் நத்தை ஓட்டைத் தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று குழாயடியில் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நல்லவேளையாக, மூடி நிமிர்ந்து நின்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு உள்ளே இருப்பதை மறைத்தது. ஆனால் வியந்தாகிவிட்டதே, மேற்கொண்டு ஏதாவது பேசியாக வேண்டுமே!

"இது... இது வந்து பாப்பா..."

மேடை மேடையாய்ப் பேசிய வாய்க்கு அப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூடியைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. நாற்காலி கைநழுவிப் போவது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

வாயாடி காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெரிய கண்ணாடியைப் பார்த்தாள்.

"அடேயப்பா!"

சொன்னது அவள்தான்.

"எவ்ளோ அழகா இருக்கு அங்கிள்! தொட்டுப் பாக்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே விரலை விட்டாள். "ஐ, வழவழன்னு இருக்கு! மூடிடுங்க அங்கிள். அது தூங்கட்டும்."

மூடியை அவளே சாத்தினாள்.

அடுத்த நிமிஷம் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் ஓடி வந்தார்.

"பிரமாதம் சார்! கல்லப் பேச வெச்சிட்டீங்களே! அப்படி என்னதான் இருக்கு உள்ள? கொஞ்சம் காட்டுங்க."

ஆலோசகர் பெட்டியை அக்குளில் இறுக்கிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்திருந்தது. கூடவே பேச்சும் வந்திருந்தது.

"மன்னிக்கணும் சார். அது எனக்கும் குழந்தைக்கும் நடுவுல உள்ள ரகசியம். குழந்தையோட மனசு தெரிஞ்சு வியக்கணும் சார். அதெல்லாம் லேசுல வராது. பல வருஷ அனுபவம்!"

"நாற்காலி உங்களுதுதான், போங்க!"

தாயைப் பார்த்து நாலு வார்த்தை அறிவுரை சொல்லலாம் என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடைக்கு வந்தார். திருப்பத்தில் பேச்சுக்குரல் கேட்டு நின்றார்.

பெஞ்சில் வாயாடி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் குரல் வெளிய வரைக்கும் கேட்டுச்சுடி தங்கம்! அந்தப் பெட்டியில அப்படி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லம்மா. காலிப் பெட்டி."

"அப்புறம் ஏன்டி அழகா இருக்குன்னு சொன்னே?"

"பாவம்மா அந்த அங்கிள். கையெல்லாம் நடுங்குச்சு, பேச்சே வரல." வாயாடி குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் நம்ம வாயையே பாத்துட்டிருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா?"

ஆலோசகரின் வாய் தானாகத் திறந்தது. 'அடேயப்பா' மட்டும் வரவில்லை.