இரண்டு வாளி

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை இருதயமேரி சாணைக்கடையைத் திறந்தாள். தண்ணீர்ப் பஞ்சத்தில், கல்லில் ஊற்றிய தண்ணீரையே வாளியில் பிடித்து, இரவில் மண்டி அடியில் தங்கியதும், மறுநாள் திரும்ப ஊற்றுவாள். கறிக்கடைக் கத்திகளுக்கு ஒரு வாளி, சைவச் சமையல்காரர்களின் கத்திகளுக்கு வேறு வாளி.

இன்று ஒன்று காலியாக இருந்தது.

“குளிக்க வாளி இல்லன்னு ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டேன்,” என்றான் கணவன் சூசை. “தெளிஞ்ச பெறவு ஆடு எது, கத்திரிக்கா எது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கல்யாணச் சமையல்காரர் நெல்லையப்பர் கத்திக்கட்டோடு வந்து உட்கார்ந்தார். அவரை நம்பித்தான் மற்றச் சைவக்காரர்களும் இவளிடம் வருகிறார்கள். வேறு தண்ணீர் இல்லை. மேரி குவளையை முக்கினாள். தெளிந்த தண்ணீரில் வாளியின் அடி தெரிந்தது.

“நம்ம வாளிதானம்மா இது?” என்றார் அவர், வெற்றிலையைத் துடைத்தபடி.