மாடி ஜன்னலில் குடியிருப்பவர்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

எடின்பரோவில் துணி வியாபாரி லெக்கி கட்டவிருந்த மாளிகையின் முகப்பை, கட்டடக் கலைஞரிடம் படம் வரையும் வேலையில் இருந்த டூகல்ட் வரைந்தான். ஆறு தூண்கள், பதினெட்டு ஜன்னல்கள். உயரம் புரிவதற்காக வாசலில் தொப்பி போட்ட ஓர் ஆளையும் வரைந்து வைத்தான்.

மறுநாள் காலையில் அந்த ஆள் மாடி ஜன்னலில் நின்றான். டூகல்ட் அவனைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வாசலில் வரைந்தான். விடிந்தபோது அவன் மறுபடி மாடியில் இருந்தான்.

அன்றுதான் லெக்கி படத்துக்குச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வந்தார். அவர் போடாவிட்டால் டூகல்டுக்கு வேலை போய்விடும்.

"ஏம்ப்பா, என் வீட்ல எனக்கு முன்னாடியே ஆள குடி வெச்சிட்டியா? யாரு, உன் மச்சானா?"

"இல்லைங்கய்யா. குளிருக்கு உள்ள போயிருப்பாரு."

"முதல்ல அவனைக் காலி பண்ணு. அப்புறம்தான் கையெழுத்து."

டூகல்ட் அவர் கண்முன்னாலேயே சுரண்டினான். லெக்கி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் அதே ஜன்னலில் லெக்கி நின்றார், தொந்தியும் கைத்தடியுமாக. ஊரில் அவரைக் காணவில்லை. மதியம் அவருடைய மனைவி வந்து படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பி, புகைபோக்கியில கொஞ்சம் புகை வரைஞ்சு விடுங்க. இவருக்குக் குளிர் ஆகாது."

டூகல்ட் வரைந்து கொடுத்தான்.

லெக்கி கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என் நாக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.