இரண்டாவது அடியில் ஒரு மூச்சு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்த, பாடகி ஒரு பழைய பாட்டின் இரண்டாவது அடியைப் பாடுகிறாள். முதலில் பாடியவர் அதன் நடுவே ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்வார். இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு அந்த இழுப்பும் இவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேடையில் அந்த இடத்தில்தான் கைதட்டல் விழும். சோபாவில் முதல் பாடகியின் மகள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் சரி என்றால்தான் பாட்டு வெளிவரும்.

பாடகி வெளியே வருகிறாள். "எப்படி இருக்குக்கா?" "அம்மா மாதிரியேதான். நடுவுல அந்த மூச்சு எதுக்கு?" "அது அவங்க ஸ்டைலாச்சே!" "ஸ்டைலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்போ நான் வயித்துல எட்டு மாசம். பாவம், அவங்களுக்கு மூச்சு முட்டுச்சு." ஒலிப்பதிவாளர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "அப்போ ஊர்ல இதே மூச்சோட பாடுறவங்க எல்லாரும் பிள்ளைத்தாய்ச்சியா?"

பாடகி சிரிக்கவில்லை. உள்ளே போய் அதே அடியை ஒரே மூச்சில் பாடுகிறாள். தன் சொந்தக் குரலை அவளே இப்போதுதான் கேட்கிறாள். கண்ணாடி வழியே மகளைப் பார்க்கிறாள். அவர் சோபாவிலிருந்து எழுந்து வருகிறார். ஒலிப்பதிவாளரின் மேசை மைக் பக்கம் குனிகிறார். "இதையே போடும்மா. அந்த மூச்சு எங்க ரெண்டு பேரோடது. அது அந்தப் பழைய தட்டுலேயே இருக்கட்டும்."