பத்துக் கதிர்

வண்டியூருக்கு வந்த பண்ணை ஆபீசர், ஒவ்வொரு சம்சாரியும் தன் வயலில் பொறுக்கிய நல்ல நெற்கதிர் பத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். யார் கதிர் தேறுகிறதோ, அவர் வயலில்தான் ஊருக்கான விதை நெல் விளையும்.

அப்பாதான் தேறுவார் என்று நினைத்தேன். வருஷம் தவறாமல் வரப்பில் நின்று, கதிர் கதிராகப் பார்த்து விதைக்கு எடுப்பவர் அவர்.

அன்று சாயங்காலம் களத்தில் ஊர் கூடியது. அம்மாவின் அண்ணன் விருமாண்டி மாமா பேசினார்.

"நல்ல கதிரக் காட்டுனா தீர்வையக் கூட்டிப்புடுவாங்கப்பா. எல்லாரும் மணி பிடிக்காத சாவியாக் கொண்டு போவோம். சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

ஊரில் இருந்த சம்சாரிகள் பதினெட்டுப் பேரும் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மா கெஞ்சினாள். "பேசாம நல்லதையே கொண்டு போங்களேன்."

"சத்தியம் பண்ணிருக்கேன், முத்துத்தாயி."

அப்பா சாவிக் கதிர்க் கட்டோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

ஆபீசரின் மேசையில் பதினெட்டுக் கட்டுகள் இருந்தன. பதினேழு கட்டுகளில் மணி திரண்டு முற்றியிருந்தது.

"இந்த வைக்கோல் யார் கொண்டு வந்தது?" என்று அப்பாவின் கட்டை ஒதுக்கினார் ஆபீசர். எல்லாரும் சிரித்தார்கள். விருமாண்டி மாமாவின் கதிர் தேறியது.

திரும்பும்போது அப்பா அவரை மறித்தார். "சத்தியம் பண்ணச் சொன்னதே நீங்கதான மச்சான்?"

மாமாவின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது.

"நீயும் நல்லதத்தான் கொண்டாருவேன்னு நம்பிட்டேன் மாப்ள."