இரண்டாவது குட்டி

அவள் கையை நீட்டினாள். நாய்க்குட்டி பின்வாங்கியது.

கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. காது இருந்த இடத்தில் மஞ்சளும் எண்ணெயும். அதையும் மீறி இரத்தம் கசிந்தது.

காலையில் இதே கைதான் பால்சோறு பிசைந்து வைத்தது. குட்டி விரலிடுக்கு வரை நக்கிவிட்டுப் போயிருந்தது.

"வா" என்றாள்.

வரவில்லை.

காதை வெட்டியவன் அவள் கொழுந்தன் பவுன்ராஜ். வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, அடுத்த பிளேடைக் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். அவன் இருமினான், செருமினான். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கை அசைந்தால் மட்டும் நடுங்கியது.

ஒன்பது வருடமாக இதே கதைதான்.

வெட்டச் சொல்வது அவள் புருஷன். வெட்டுவது பவுன்ராஜ். பிடிப்பது அவள். சோறு வைக்கிற கை பிடித்தால்தான் குட்டி அசையாது என்பது அந்த வீட்டு வழக்கம். சாக்கில் சுற்றி, மடியில் கிடத்தி, தாடையை இரண்டு விரலால் அமுக்க வேண்டும். கடைசி நிமிடம் வரை குட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு பார்க்காது.

மறுபடி அவள் பக்கத்தில் வர எட்டுப் பத்து நாளாகும். அதற்குள் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவளை மன்னிக்க எந்தக் குட்டிக்கும் அவகாசம் கிடைத்ததில்லை.

"அடுத்ததத் தூக்கிட்டு வா." வாசலிலிருந்து புருஷன்.

இரண்டாவது பெட்டைக் குட்டி. பிறந்து நாற்பது நாள். மடங்கிய காதுகள் ஆட ஆட, அவள் சேலை நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு ஏலக்காய் எஸ்டேட்காரர் வருகிறார், இரண்டையும் எடுத்துப்போக. காது வெட்டிய கோம்பை நாய்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

காய்ச்சல் என்று சொல்லலாம். கை சுளுக்கிக்கொண்டது என்று சொல்லலாம். சாக்குக்கா பஞ்சம்?

அவள் வாசலுக்கு வந்தாள். குட்டியும் சேலையை விடாமல் பின்னாலேயே வந்தது.

"இத நான் பிடிக்க மாட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பேசியதைப் பேச்சாக எடுத்துக்கொள்வதா என்று அவனுக்கே சந்தேகம்.

"என்னது?"

"பிடிக்க மாட்டேன்னேன்."

வேட்டையில் காட்டுப்பன்றி காதைக் கவ்விவிடும், அதற்காகத்தான் வெட்டுவது என்று அவன் அப்பா சொல்வார். இப்போது அவனும் சொன்னான். இந்த வீட்டு நாய்கள் இதுவரை மடக்கிய பெரிய மிருகம் பக்கத்து வீட்டுச் சேவல். அதுவும் தப்பித்துவிட்டது. கால்நடை டாக்டர் போன மாதம்கூட வெட்டாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். அவர் வளர்ப்பது பொமரேனியன் என்பதால் அவர் பேச்சு எடுபடவில்லை.

"பெத்த பிள்ளைக்குக் காது குத்தலையா? அன்னைக்கு சிரிச்சுக்கிட்டுத்தான நின்ன?"

"அது தோடு போடக் குத்துனது. இதுக்கு என்ன போடப் போறீங்க?"

பவுன்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"நீ பிடிக்கலேன்னா இங்க ஆளில்லையா? தள்ளு."

அவனே குட்டியைத் தூக்கினான். வாங்க வருபவர்களுக்குக் காட்டப் பிடரியைப் பிடித்துத் தூக்குவதோடு சரி. அதைத் தாண்டி அந்தக் கை குட்டிக்குப் பழக்கமில்லை. சாக்குக்குள் போன வேகத்தில் வெளியே வந்தது. வேட்டியை நனைத்தது. கட்டைவிரலில் பல் பதித்தது. கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பவுன்ராஜ் பிளேடை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"ஆகாதுண்ணே. கண்ணுல பட்டுரும். மதினிதான் பிடிக்கணும்."

புருஷன் அவளைப் பார்த்தான். அவனுக்கு வேர்த்திருந்தது. ஒன்பது வருடத்தில் அவன் அவளிடம் பிடி என்று சொல்லியிருக்கிறான். பிடிப்பாயா என்று கேட்டதில்லை.

"இது ஒண்ணு மட்டும்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அவளுக்குப் பாவமாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

போய் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டாள்.

குட்டி அவன் கையிலிருந்து திமிறி அவள் மடிக்குள் விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. கத்தல் நின்றது.

அப்பாடா என்று அவன் சாக்கை நீட்டினான். அவள் அதை வாங்கி ஓரமாகப் போட்டாள். பவுன்ராஜ் பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அவள் இரண்டு கையையும் குட்டியின் தலைமேல் வைத்தாள்.

இந்தக் காதின்மேல் ஒரு உள்ளங்கை. அந்தக் காதின்மேல் ஒரு உள்ளங்கை.

விரல்களை நெருக்கி மூடினாள். காது இரண்டும் உள்ளே அடங்கிப்போயின. நுனிகூட வெளியே தெரியவில்லை.

"பிடிச்சாச்சு" என்றாள். "வெட்டுங்க, தம்பி."

பவுன்ராஜ் அண்ணனைப் பார்த்தான்.

அண்ணன் அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு பிளேடைப் பார்த்தான்.

அவள் கையை எடுக்கவில்லை.